கோடியக்கரை சரணாலயம்: வருவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

சோழமண்டலக் கரை தெற்கே ஓடிவந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. இங்கே வர நினைப்பவர்களும் வந்துவிட்டு ஏமாந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை கடைசியில்.

கோடியக்கரையில அப்படி என்னதான் இருக்கு? காடா, கடற்கரையா, பறவைச் சரணாலயமா?

மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர்தான். முதன்மையாக வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு பகுதி, பாலையும் நாவலும் காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும் காடு. ஆண்டில் பல மாதம் மழை இல்லாவிட்டாலும் பச்சை மாறாத காடு இது. இன்னொரு பகுதி புல்வெளி. ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கும், தை பிறந்ததும் மெல்ல வற்றத் தொடங்கும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும்.

மேற்கே உப்புச் சதுப்பும் உப்பளங்களும் விரிகின்றன. இந்தச் சதுப்பையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து, 2002-இல் கோடியக்கரை ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மானுக்குப் புல்வெளி, பூநாரைக்கு (ஃபிளமிங்கோ) சதுப்பு, சிறு பறவைகளுக்குக் காடு. எதைப் பார்க்க வருகிறோம் என்று முடிவு செய்துகொண்டு வந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

எந்த மாசம் வந்தா நல்லது?

வெளிமானை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. இரண்டும் வேண்டும், நனையவும் கூடாது என்றால் ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் இன்னும் இருக்கும், புல் பச்சையாக இருக்கும்.

அக்டோபருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வடக்கிலிருந்து இறங்கி வரும் ஆறுமணிக்குருவி இந்தக் காட்டில் தங்கும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் கத்துவதால்தான் அந்தப் பெயர். ஒன்பது நிறம் கொண்ட குருவி என்றாலும் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதால் கண்ணில் படாது. நின்று காது கொடுக்க வேண்டும்.

நவம்பரில் வருவதானால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் உள்ளே விடமாட்டார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடல் நீராட ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். நீராட வருபவர்களுக்கு அவை நல்ல நாட்கள், மான் பார்க்க வருபவர்களுக்கு அல்ல.

எப்படி வர்றது? ரயில் இருக்கா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அகஸ்தியம்பள்ளி வேதாரண்யத்தை ஒட்டிய ஊர், 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பெடுத்த இடம். பழைய பாதை கோடியக்கரை வரைக்கும் போனது, இப்போதைய ரயில் போகாது. அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோதான் வர வேண்டும்.

சாலை வழி என்றால் நாகப்பட்டினத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ வேதாரண்யம், பிறகு கோடியக்காடு, கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கோடியக்காடு தாண்டியதும் சாலையே காட்டுக்குள் போகிறது. அந்த இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் குரங்கும் குறுக்கே வரும். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வைத்துக்கொண்டு நில்லுங்கள். பெட்ரோலும் ரொக்கமும் வேதாரண்யத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே அனுமதி வாங்கணுமா?

பகலில் சுற்றிப் பார்க்க நுழைவாயிலில் பெயர் பதிந்து சீட்டு வாங்கினால் போதும். ஆள், வண்டி, கேமரா என்று கட்டணம் தனித்தனி என்பதால் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்க விரும்பினால் முன்பதிவு கட்டாயம். ஆராய்ச்சி, மாதிரி சேகரிப்பு, படப்பிடிப்பு ஆகியவற்றுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதை நுழைவாயிலில் கேட்டு வாங்க முடியாது, பல வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

வழிகாட்டி கிடைத்தால் மறுக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள். இன்று எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது, எந்த வழி சேறு என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

மத்தியானம் வந்தா ஒண்ணும் தெரியாதா?

தெரியும், ஆனால் கானல் கெடுக்கும். பத்து மணிக்கு மேல் தரைச்சூடு ஏறி, தூரத்து மான் தண்ணீருக்குள் ஆடுவது போல் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலரும் அதைச் சரிசெய்யாது. மான்களும் நிழலோரம் படுத்துவிடும். விடிந்ததிலிருந்து ஒன்பது வரையும், பிற்பகல் மூன்றரைக்கு மேலும்தான் நேரம்.

நடுப்பகலை வீணாக்க வேண்டாம். இராமர் பாதம் என்ற மணல்மேட்டுக்குப் போகலாம். நாலைந்து மீட்டர் உயரம்தான், ஆனால் இந்தச் சமதரையில் அதுவே மலை. சுற்றிலும் காடு எங்கே முடிந்து வெளி எங்கே தொடங்குகிறது என்று அங்கிருந்து பார்த்தால் நிலத்தின் அமைப்பு பிடிபடும். சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயிலும் ஊரிலேயே இருக்கிறது.

வெளிமான் எது, புள்ளிமான் எது? ரெண்டும் மான்தானே?

இரண்டும் வேறு குடும்பம். கொம்பைப் பாருங்கள். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைவிடாது. திருகு திருகாக மூன்று நான்கு முறுக்கு மேலே போகும், உயிருள்ளவரை விழாது. பெண் வெளிமானுக்குக் கொம்பு இல்லை. இளமஞ்சள் பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும்தான் அடையாளம், உடலில் புள்ளி இருக்காது. இடமும் சொல்லிவிடும்: புதரோரம் நிற்பது பெரும்பாலும் புள்ளிமான், நாலு பக்கமும் திறந்த வெளியில் நிற்பது வெளிமான்.

கரிய மான் என்று படத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள், இங்கே அப்படி எதுவும் இல்லையே என்பார்கள். வெளிமான் கிடா வயது ஏற ஏறத்தான் கருக்கும். தென்னாட்டுக் கிடாக்கள் முழுக் கறுப்பாவது அபூர்வம், அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்தோடு நின்றுவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அதுதான்.

வளர்ந்த கிடா ஒன்று தனியே நின்றால் நகராமல் அரைமணி நேரம் பாருங்கள். அது தன் எல்லையைக் காத்து நிற்கிறது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து புழுக்கை போடும், அங்கே குவியல் கருத்துக் கிடக்கும். கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியை ஒரு புல்தண்டின் நுனியில் வைத்துத் தேய்க்கும். இன்னொரு கிடா வந்தால் முகத்தை உயர்த்தி, காதைத் தொங்கவிட்டு, வாலைச் சுருட்டி நடக்கும். ஓடும் மானைப் பார்ப்பதைவிட இது பல மடங்கு அருமையான காட்சி.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

மீட்டர் கணக்கு சொன்னால் தப்பாகிவிடும், மானே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கி உங்களையே பார்த்தால் நில்லுங்கள். மறுபடி குனிந்தால் பரவாயில்லை. குனியாமல் மெல்ல நடந்து விலகத் தொடங்கினால் ஏற்கெனவே கிட்டத்தில் வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். ஒன்று மேலே எகிறிக் குதித்தால் மந்தை முழுவதும் ஓடும். பிற்பாடு அரைமணி நேரம் அந்தப் புல்வெளியில் யாருக்கும் எதுவும் தெரியாது.

வண்டிக்குள் உட்கார்ந்தே பார்ப்பது நல்லது. வண்டியை அவை பெரிதாக எண்ணுவதில்லை, அதிலிருந்து இறங்கி நிற்கும் மனித உருவத்துக்குத்தான் மிரளும். என்ஜினை அணையுங்கள், கதவை அறையாதீர்கள், மந்தைக்கும் அது போகும் திசைக்கும் நடுவே வண்டியை நிறுத்தாதீர்கள். வெள்ளை, சிவப்பு உடை வேண்டாம்.

குட்டி ஒண்ணு தனியாப் படுத்துக் கிடக்கு, தாயைக் காணோம். தூக்கிட்டு வந்து வனத்துறையில கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பிறந்த குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போவது வெளிமானின் வழக்கம். அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்குப் பாதுகாப்பு. நீங்கள் அருகில் நிற்கும்வரை தாய் வராது, உங்களைக் கவனித்து நரி வரும். வந்த வழியே திரும்பிப் போய், இடத்தை மட்டும் வனக்காவலரிடம் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு தூக்கிவரப்படும் குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அந்தக் குதிரைங்க யாரோடது? காட்டுக்குதிரையா?

வீட்டுக் குதிரைகள் காடேறி, தலைமுறை தலைமுறையாகத் தாமே வாழ்பவை. இவற்றை மட்டக்குதிரை என்பார்கள். அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் வெளிமான் தின்னும் அதே புல்லைத்தான் இவையும் தின்கின்றன. கோடையில் புல்லும் நன்னீரும் சுருங்கும்போது இது நெருக்கடி ஆகிறது. பழகிய குதிரை என்று நினைத்துத் தடவப் போகாதீர்கள், உதைக்கும், கடிக்கும்.

புல்வெளியில இறங்கி நடக்கலாமா? வண்டியை ஓட்டலாமா?

வண்டி பாதையை விட்டு இறங்கவே கூடாது. நடப்பது வழிகாட்டி காட்டும் தடத்தில் மட்டும்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு: மழை முடிந்து சில வாரங்களில் தரை மேலே காய்ந்து, வெள்ளையாக உப்புத்தோல் படிந்து, சிமெண்டுத் தரை போலத் தெரியும். அந்தத் தோல் விரல்கடை கனம்கூட இராது, கீழே வழுக்குச் சேறு. முன்சக்கரம் தாங்கும், பின்சக்கரம் புதையும். புதைந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அச்சு வரை இறங்கும். மிதிக்காமல், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சேற்றை வழித்து, மிதியடியையோ பலகையையோ கொடுத்து, ஆள் தள்ளி வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க வேண்டும். சக்கரத்தடம் ஒருமுறை விழுந்தால் அடுத்த மழையில் அதுவே வாய்க்காலாகித் தண்ணீரை வடிய விட்டுவிடும். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் அந்தப் பட்டையில் புல்லின் இனமே மாறும்.

நடப்பவர்களுக்கு: பிடிப்புள்ள பழைய ஷூ, மாற்றுக் காலுறை. செருப்பு சேற்றில் கழன்றுவிடும், வெறுங்காலில் சீமைக்கருவேல முள் ஏறும்.

டிசம்பர்ல வந்தோம், ஒரு பூநாரைகூட இல்ல. பூநாரை வர்றதே நின்னுபோச்சா?

நிற்கவில்லை, அன்றைக்குத் தண்ணீர் அதிகம். சேற்றில் இரை தேடும் பறவைகள் எல்லாம் கால் நீளத்துக்கு ஏற்பத்தான் இடம் பிடிக்கும். கொசு உள்ளானுக்கு விரல் அளவுத் தண்ணீர் போதும், மூக்கனுக்கு அதைவிட ஆழம், பூநாரைக்கு முழங்கால் ஆழமும் சரி. பெருமழையில் சதுப்பு முழுவதும் ஏரி போல நிரம்பினால் நிற்க இடம் இல்லாமல் எல்லாம் கலைந்துவிடும், அல்லது பார்வைக்கு எட்டாத ஓரங்களுக்குப் போய்விடும். தண்ணீர் வற்ற வற்ற இரை செறிந்து, பறவையும் ஓரிடத்தில் திரளும். முதலில் ஜனவரி, பிப்ரவரி என்று சொன்னதற்கு இதுதான் காரணம். ஆழமில்லாத தண்ணீரைக் காற்று ஒரு பக்கமாக ஒதுக்கும் என்பதால், காலையில் பறவை இருந்த இடம் மாலையில் வெறுமையாகவும் இருக்கலாம்.

பெரும் பூநாரைக்கு இளஞ்சிவப்பு அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரையின் அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை வடிகட்டும். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்து இரையைக் கிளப்பும். தண்ணீர் வற்றியபின் சேற்றில் தாம்பாளம் அளவில் வட்டத் தடங்கள் தெரிந்தால், பூநாரை மேய்ந்த இடம் அது.

உப்பளங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. வரப்பில் நடக்குமுன் கேட்டுவிட்டு நடங்கள், பாத்தி விளிம்பை உடைக்காதீர்கள்.

என்ன பைனாகுலர், என்ன லென்ஸ் வேணும்?

மானுக்கும் காட்டுப் பறவைக்கும் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் போதும். சதுப்புக்கு அது பற்றாது. உள்ளான்களை இனம்பிரிக்க முக்காலியோடு 20 முதல் 60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வேண்டும், பத்துப் பேருக்கு ஒன்று இருந்தால் போதும். படத்துக்கு 400 மி.மீ. லென்ஸ். கடற்காற்றில் உப்பு இருப்பதால், அறைக்குத் திரும்பியதும் கண்ணாடியைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றுங்கள். உப்புத்துகளோடு தேய்த்தால் பூச்சு கீறிவிடும்.

புலி, சிறுத்தை, யானை இருக்கா? குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

மூன்றும் இங்கே இல்லை. தாராளமாகக் கூட்டிவாருங்கள். கவனிக்க வேண்டியவை வெயில், தாகம், முள், பாம்பு. தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி.

நல்ல பாம்பும் விரியனும் உண்டு. உயர்ந்த புல்லிலும் சருகிலும் பார்த்துக் கால் வையுங்கள், புதருக்குள் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போடலாமா?

கூடாது. ஒருவர் போட்ட பிஸ்கட்டுக்காக அடுத்து வருபவரின் பையைப் பிடுங்கும், சாலையோரமே உட்கார்ந்து வண்டியில் அடிபடும். சாப்பாட்டைக் கதவு மூடிய வண்டிக்குள் சாப்பிடுங்கள்.

இங்க மூலிகை நிறைய கிடைக்கும்னு சொல்றாங்க. கொஞ்சம் பறிச்சுக்கலாமா? கீழ விழுந்த கொம்பை எடுத்துக்கலாமா?

இரண்டும் கூடாது. சரணாலயத்தில் இலை, வேர், இறகு, கொம்பு எதையும் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூலிகை பெரும்பாலும் வேரோடு பிடுங்கப்படுவதால் அடுத்த ஆண்டுக்கு விதைகூட மிஞ்சாது.

கொம்பு விஷயத்தில் இன்னொன்று. புள்ளிமான் கொம்பு தானாக விழும் என்று மேலே சொன்னோம். வெளிமான் கொம்பு கீழே கிடக்கிறது என்றால் மான் செத்திருக்கிறது. தொடாமல் உடனே தகவல் சொல்லுங்கள். மேலே சொன்ன சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் உள்ள விலங்கு வெளிமான். அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

காலில் வளையம் போட்ட பறவையைப் பார்த்தோம். யாராவது வளர்க்கிறதா?

இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு, விடுவித்து வருகிறது. இந்த இடத்தின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் பறவையியலாளர் சாலிம் அலி முக்கியமானவர். ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டும் உள்ளான் இங்கே குளிர்காலத்தைக் கழிப்பதெல்லாம் இத்தகைய வளையங்கள் சொன்ன சேதிதான்.

பார்த்தால் குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, வளையத்தின் அல்லது காலில் மாட்டிய சிறு கொடியின் நிறம், எழுத்து, எண், நாள், இடம். படம் எடுத்தால் இன்னும் நல்லது. எண்ணைப் படிப்பதற்காகத் துரத்தாதீர்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறப்பதற்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை அது.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது. பருந்து வந்ததாக நினைத்துச் சதுப்பு முழுவதும் எழும்பிவிடும்.

ராத்திரி ஆமை முட்டை போடறதைப் பார்க்கணும்.

பங்குனி ஆமை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் ஏறும். தனியாக இரவில் கடற்கரையில் சுற்றக் கூடாது, வனத்துறையினரோடு மட்டுமே போகலாம். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். கைபேசி வெளிச்சமும் அதில் சேர்த்தி. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் கேட்டு வைத்துக்கொள்வது எளிய வழி.

காடு ஏன் இப்படி முறிஞ்சு கிடக்கு? புல்வெளி பொட்டலாக் கிடக்கே, மரம் நட்டா என்ன?

முறிவுக்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16-இல் அந்தப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் பெருமளவு சாய்ந்தன, வெளிமான்களும் மடிந்தன. பாலை மெதுவாக வளரும் மரம், பழைய நிழல் திரும்பப் பல்லாண்டு ஆகும். காட்டின் காயத்துக்கு மருந்து, விழுந்த அடிமரம் தளிர்க்க விடுவதும் ஆடுமாடு நுழையாமல் பார்ப்பதும்தான்.

புல்வெளியில் மரம் நடுவது வேறு கதை. அது பொட்டல் இல்லை, மரம் அழிந்துபோன இடமும் இல்லை. பெயரிலேயே வெளி இருக்கிற மான் அது. தூரத்திலேயே ஆபத்தைப் பார்ப்பதும், பார்த்ததும் ஓடுவதும்தான் அதன் தற்காப்பு. நாலு மரம் நின்றால் பார்வை மறையும், நரிக்கு ஒளிய இடம் கிடைக்கும், நிழலில் புல் நலியும். பள்ளிகளும் அமைப்புகளும் நல்ல மனதோடு கன்றுகளைக் கொண்டுவந்து நிற்பதுண்டு. அந்தக் கன்றுகளை உங்கள் ஊர்க் குளக்கரையில் நடுங்கள், இந்த வெளியை வெளியாக விடுங்கள்.

அப்போ அந்தச் சீமைக்கருவேலத்தை ஒரேயடியா அழிச்சுட்டா என்ன?

அதைத்தான் செய்ய வேண்டும், ஆனால் ஒரேயடியாகச் செய்ய முடியாது. கோடையில் இனிப்பான காயை மாடும் குதிரையும் மானும் தின்று, விதையைச் சாணத்தோடு புல்வெளி முழுக்க விதைக்கின்றன. தரைக்கு மேல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும், முன்பு மரமாக நின்றது இப்போது முட்புதராகப் படரும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்தால்தான் சாகும். மழையில் பொக்லைன் இறக்கினால் மேலே சொன்ன சக்கரத்தடச் சிக்கல் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால், நாட்டு மரம் விழுந்த இடங்களில் அதையே நிழலாகக் கொண்டிருக்கும் உயிர்களுக்குப் போக்கிடம் இராது.

அதனால் புல்வெளியின் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி, கோடையில் தரை இறுகியிருக்கும்போது, கட்டம் கட்டமாக எடுப்பதே சரி. எடுத்த இடத்தில் விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு முளைத்த கன்றுகளை, தரை ஈரமாக இருக்கும்போதே, ஆணிவேர் அறாமல் கையால் பிடுங்க வேண்டும். ஒரு சாண் உயரத்தில் இரண்டு விரலால் வந்துவிடும், அடுத்த ஆண்டு கடப்பாரை கேட்கும். வனத்துறை தன்னார்வலர்களை அழைக்கும்போது தடித்த கையுறையோடு வாருங்கள். நாட்டுக் கருவேலங்கன்றும் ஏறக்குறைய அதே போல இருக்கும் என்பதால், பிடுங்குமுன் வனக்காவலரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.